மனக்கலக்கத்துக்கு மாத்திரை: பயமும் வேண்டாம், பழக்கமும் வேண்டாம்

(பூதிகோட்டையில் நடைபெற்ற உறுப்பினர் சந்திப்பில் ஆற்றிய உரை. வர இயலாத வெளியூர் உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



நாம் கூடியிருக்கும் இந்த ஊர் சாதாரண ஊர் அல்ல. விபூதிபுரம் என்று பழைய பெயர். பூதி என்றால் திருநீறு, சாம்பல். அதுவே பூதிகோட்டை ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைதர் அலி பிறந்தது இங்கேதான். பக்கத்திலேயே கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்களில் தூக்கம் போயிற்று என்பது இந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பும் நிம்மதி என்று சொல்வதற்கில்லை. பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வேலை. மேலே வீட்டில் பாத்திரம் கடகடவென்று ஆடினால், கீழே பாறை வெடித்துவிட்டதோ, நம் மனிதர் எந்த ஷிப்டோ என்று மனைவிமார் கலங்கிய ஊர் இது. ஆகவே மனக்கலக்கத்தைப் பற்றிப் பேச இது பொருத்தமான இடம்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. கெமிஸ்ட்ரி படித்தவன், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டிவிட்டேன். என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், 'ராத்திரி தூக்கமே இல்லை, பாதி மாத்திரை போட்டுக்கொண்டால்தான் கண் அசருகிறது' என்று ஒருவராவது சொல்கிறார். அந்தப் பாதி மாத்திரை என்ன, எத்தனை நாள் போடலாம், எப்படி நிறுத்துவது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். நான் சொல்வதை வைத்து யாரும் மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உங்கள் டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவினால் போதும்.

மாத்திரை வந்த கதை

மனத்தை அமைதிப்படுத்த மருந்து தேடியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேர் நம் வைத்தியத்தில் நெடுங்காலம் இருந்தது. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் அது ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் பயன்படுவதை எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. ஆனால் சிலருக்கு அது மனச்சோர்வைக் கொடுத்தது. வேறு மருந்துகளும் வந்துவிட்டதால் பின்தங்கிவிட்டது.

மேல்நாட்டில் 1903 முதல் பார்பிட்டுரேட் மருந்துகள் இருந்தன. தூக்கம் வரும். ஆனால் அளவு கொஞ்சம் கூடினால் மூச்சே நின்றுவிடும். இந்த நிலையில்தான் அமெரிக்காவில் ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன விஞ்ஞானி வந்தார். இளமையில் சாயப் பொருள்களுக்காக ஆராய்ந்த ஒரு ரசாயனக் குடும்பத்தை மறுபடியும் எடுத்து, பல பொருள்களைத் தயாரித்துப் பார்த்தார். எதுவும் பயன்படவில்லை. 1957-ல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்யும்போது, சோதிக்காமல் விட்டுப்போன ஒரு பொருள் அலமாரியில் கிடந்தது. எதற்கும் பார்ப்போம் என்று அனுப்பினார்கள். அதுதான் 1960-ல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963-ல் அதே குடும்பத்தில் வேலியம். வேலியம்தான் டயஸிபாம். நம் ஊரில் காம்போஸ் என்ற பெயரில் நம் தலைமுறை அறிந்த மாத்திரை அது. பிறகு லோரஸிபாம், நைட்ரஸிபாம், குளோனஸிபாம், அல்ப்ரஸோலாம் என்று வரிசையாக வந்தன.

பெயரின் கடைசியில் 'பாம்' அல்லது 'லாம்' என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மாத்திரை. ஆனால் எஸ்ஸிடலோப்ராம் என்று 'ப்ராம்' என முடிவது வேறு ஜாதி மருந்து. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

நம் மூளையில் வேகப்படுத்தும் ரசாயனமும் உண்டு, தணிக்கும் ரசாயனமும் உண்டு. தணிப்பதில் முக்கியமானது காபா. இந்த மாத்திரைகள் காபாவின் வேலையைக் கூட்டிக் கொடுக்கின்றன. சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வைண்டிங் இன்ஜினில் பிரேக் பிடித்துத்தான் கூண்டை இறக்குவார்கள். காபா அந்த பிரேக். மாத்திரை என்பது பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுக்கும் இன்னொரு கை. அரை மணி, ஒரு மணியில் படபடப்பு அடங்குகிறது. இது உண்மையான நன்மை. இதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அந்தக் கை மாதக்கணக்கில் கூடவே இருந்தால், உடம்பு தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போகலாம். கையைத் திடீரென்று எடுத்தால் கூண்டு தறிகெட்டு ஓடும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, முன்பு இருந்ததைவிட அதிகமான பயம், சிலருக்கு வலிப்புகூட வரும். ஆபத்து இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நெடுநாள் போடுவது. மற்றொன்று, நெடுநாள் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவது.

இரண்டு குடும்பங்கள்

எங்கள் உறவில் ஒரு அத்தை. அத்திம்பேர் காலமான பிறகு தூக்கமில்லாமல் தவித்தார். டாக்டர் 15 நாளைக்கு அல்ப்ரஸோலாம் 0.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்துக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் 15 நாள் 11 வருஷம் ஆயிற்று. சீட்டைக் கேட்காமலே மருந்துக் கடையிலிருந்து மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. பிறகு பெண் வீட்டுக்குப் போனபோது மாத்திரையை மறந்துவிட்டார். மூன்றாம் நாள் கை நடுக்கம், வியர்வை. அறையில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். வயசாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்ணும் மாப்பிள்ளையும் அழுதார்கள். அங்கே ஒரு வயதான டாக்டர் ஒரே கேள்வி கேட்டார்: 'இதுவரை ராத்திரி என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?' மாத்திரையை மறுபடி கொடுத்ததும் இரண்டு நாளில் தெளிந்தார். பிறகு 10 மாதம் எடுத்துக்கொண்டு, துளித் துளியாகக் குறைத்து நிறுத்தினார்கள். இன்று 84 வயது. பேரன் பேத்திகள் பெயரைத் தடுமாறாமல் சொல்கிறார். 'அந்த 11 வருஷம் ஏதோ பஞ்சுக்குள் இருந்த மாதிரி இருந்தது' என்கிறார்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு வீடு. நண்பரின் பிள்ளை, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. திடீர் திடீரென்று நெஞ்சு அடைக்கும், மூச்சு முட்டும், உயிர் போகிறது என்று தோன்றும். மூன்று தடவை ஈஸிஜி எடுத்தும் இதயத்தில் ஒன்றும் இல்லை. மனநல டாக்டர் இது பீதித் தாக்குதல் என்று கண்டுபிடித்து, எஸ்ஸிடலோப்ராம் தொடங்கினார். அது பலன் கொடுக்கச் சில வாரம் ஆகும் என்பதால், அதுவரை தாங்குவதற்குக் குளோனஸிபாம் குறைந்த அளவில் மூன்று வாரத்துக்கு எழுதினார். என் நண்பர், 'இதெல்லாம் பழகிவிடும், பைத்தியக்கார மாத்திரை' என்று இரண்டையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். பையன் ரயிலில் மறுபடி விழுந்து, வேலைக்குப் போகவே பயந்து அறைக்குள் முடங்கினான். பிறகு டாக்டர் தகப்பனாரையே உட்காரவைத்து விளக்கினார். குளோனஸிபாம் நாலாவது வாரத்தோடு முடிந்தது. மற்றது ஒரு வருஷம். கூடவே பேச்சு முறைச் சிகிச்சை. பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

முதல் வீட்டில் பயமே இல்லாமல் போட்டதால் கஷ்டம். இரண்டாவது வீட்டில் பயந்துகொண்டு போடாமல் விட்டதால் கஷ்டம். மாத்திரை ஒன்றுதான். அளவும் காலமும்தான் வித்தியாசம்.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் காரணம். தைராய்டு அதிகமானாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும். சில ஆஸ்துமா மருந்துகளும் அப்படிச் செய்யும். நம் வீட்டு ஃபில்டர் காபியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்கு டிகிரி காபி, 10 மணிக்குத் தூக்க மாத்திரை என்பது ஒரே நேரத்தில் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் மிதிப்பது.

2. தொடங்கும் நாளிலேயே முடிக்கும் நாளைக் கேளுங்கள். பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே, கடுமையான மனக்கலக்கத்துக்கு மட்டும், 2 முதல் 4 வாரம் வரை என்று அறிவுறுத்தியது. 'டாக்டர், இது எத்தனை நாள்? எப்படி நிறுத்துவது?' என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

3. மில்லிகிராமைப் பார்த்து ஏமாறாதீர்கள். 0.5 என்று போட்டிருந்தால் சின்ன மாத்திரை என்று நினைக்கிறோம். அல்ப்ரஸோலாம் 0.5 மில்லிகிராமும் டயஸிபாம் 10 மில்லிகிராமும் ஏறத்தாழ ஒரே வலிமை என்று கணக்கிடுகிறார்கள். பக்கத்து வீட்டு மாமியின் மாத்திரையைக் கடன் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

4. சேரக் கூடாதவை. மதுவோடு கூடவே கூடாது. முழங்கால் வலிக்குக் கொடுக்கும் ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். ஜலதோஷ மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கூட்டும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகோனஸோல், இட்ராகோனஸோல் மாத்திரைகள் அல்ப்ரஸோலாம் உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். ஒவ்வொரு டாக்டரிடமும் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள்.

5. நுரையீரல் சரியில்லாதவர்கள் இரு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாறைத்தூசியால் வரும் சிலிக்கோசிஸ், நம் நாட்டில் விரிவாக ஆராயப்பட்ட இடங்களில் கோலார் தங்கவயலும் ஒன்று. அப்படிப்பட்டவர்களும், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களும் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

6. இரண்டு மருந்து ஒரே மாத்திரையில். எஸ்ஸிடலோப்ராமும் குளோனஸிபாமும் சேர்ந்த மாத்திரைகள் நம் நாட்டில் ஏராளம். வசதிதான். ஆனால் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடர முடியாது. அட்டையின் பின்புறம் படியுங்கள். தனித்தனியாகத் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

7. மாத்திரை போட்ட பிறகு ஸ்கூட்டர், கார் ஓட்டாதீர்கள். கேஸ் அடுப்பின் பக்கத்தில் தனியாக நிற்பதும் யோசித்துத்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் குடும்ப மாத்திரைகளைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. காரணம் எளிது. நம் கல்லீரல் மருந்தை மெதுவாகத்தான் கழிக்கிறது. டயஸிபாமும் அதிலிருந்து உடம்பில் உண்டாகும் பொருளும் நாள்கணக்கில் தங்கும். ராத்திரி 2 மணிக்கு பாத்ரூம் போக எழுந்தால் கால் தள்ளாடும். இடுப்பெலும்பு முறியும் அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மறதியும் கூடும். 'அப்பாவுக்கு ஞாபகம் குறைகிறது' என்று கவலைப்படும் பிள்ளைகள், முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.

இப்போதே வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் கலங்க வேண்டாம். ஆனால் இன்று இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ராத்திரியே தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். 2025-ல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டுதல், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில் குறைப்பதைப் பரிசீலிக்கலாம், இரண்டு வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்கிறது. மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டுமே. டாக்டர் மேற்பார்வையில், அவசரமில்லாத ஒரு காலத்தில் தொடங்குங்கள். கல்யாணமும் கிருஹப்பிரவேசமும் இருக்கும் மாதத்தில் வேண்டாம்.

இந்த வயதில் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவில் கியூபெக் மாநிலத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட, இந்த மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டுவந்த 303 பேரிடம் ஒரு சோதனை செய்து, 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு, மாத்திரையின் அபாயத்தையும் குறைக்கும் முறையையும் விளக்கும் சிறு புத்தகம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள். அவ்வளவுதான். ஆறு மாதத்தில் புத்தகம் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம்தான். தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சட்டமும் பிரயாணமும்

2014 மார்ச் முதல் அல்ப்ரஸோலாம், டயஸிபாம், நைட்ரஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைட் முதலியவை ஹெச்-1 என்ற அட்டவணையில் உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டுக் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காத கடைக்காரர்தான் நமக்குக் கெடுதல் செய்பவர்.

பிள்ளை வீட்டுக்கு வெளிநாடு போகிறவர்கள் மாத்திரையை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். துபாய், சிங்கப்பூர் போன்ற இடங்களில் இந்த வகை மருந்துக்கு முன் அனுமதி தேவைப்படுகிறது. டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

மாத்திரைக்கு அப்பால்

மாத்திரை ஆற்றைக் கடக்கும் பாலம். பாலத்தின் மேல் வீடு கட்டிக்கொள்ள முடியாது. எஸ்ஸிடலோப்ராம், ஸெர்ட்ராலின் போன்றவை மெதுவாக, சில வாரங்களில் வேலை செய்யும். நெடுநாள் சிகிச்சைக்கு அவைதான் ஏற்றவை. அவற்றையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. எண்ணங்களின் போக்கை அடையாளம் கண்டு மாற்றக் கற்றுத்தரும் பேச்சு முறைச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் உள்ளது. தூக்கமின்மைக்கும் அதில் தனி முறை உண்டு. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, மத்தியானத் தூக்கத்தைச் சுருக்குவது, நடப்பது, மெதுவாக மூச்சு விடுவது இவையெல்லாம் செலவில்லாதவை. பிராணாயாமம் தெரிந்தவர்களுக்கு மூச்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடுமையான மனக்கலக்கத்துக்கு 'பிராணாயாமம் பண்ணு, சரியாகிவிடும்' என்று சொல்லி டாக்டரிடம் போகவிடாமல் தடுப்பதும் தவறு.

நம்மவர்களில் பலர் இன்னும் மனநல டாக்டர் என்றால் பெண் பார்க்க வருபவர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கிறோம். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பத்தில் ஒருவர். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

போக இடம் இல்லாமல் இல்லை. பெங்களூரில் 1974 முதல் நிம்ஹான்ஸ் இருக்கிறது. சென்னையில் 1794-ல் தொடங்கிய பழம்பெரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் சென்னையில்தான். இங்கே அருகில் கோலாரில் மாவட்ட மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. போகவே தயக்கமானால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. 14416 என்ற எண். 24 மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம். தனியாக இருக்கும் பெரியவர்கள் இந்த எண்ணைக் காலண்டரில் எழுதி மாட்டி வையுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் உள்ள மருந்தின் பெயர், அளவு, எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள், யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கண் தெரியாவிட்டால் பேரனை எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் உங்கள் பையில், ஒரு நகல் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை நீட்டி, 'இதில் எது இன்னமும் வேண்டும்?' என்று கேளுங்கள்.